ஓலையும் மனையும்: 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமும் தமிழகப் பண்ணையாட்களின் தனிமனித விடுதலையும்

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறைக்கு நீதிமன்றங்கள் அளித்துவந்த ஏற்பினை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விலக்கிக்கொண்டது. அதற்குப் பின்னரும் தமிழகத்தின் நெல் விளையும் மாவட்டங்களில் பண்ணையாள், படியாள் என்னும் பெயர்களில் கட்டுழைப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஒருவர் இன்னொருவரின் ஆளாக இல்லாதிருத்தல் என்னும் பொருளில் தனிமனித விடுதலை நடைமுறையில் இயலக்கூடியதா, அதனை நாடியவர்கள் கொடுத்த விலைக்கு அது தகுந்ததா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை இவ்வரலாற்றின் துணைகொண்டு ஆராய்கிறது. குடியிருப்பு மனையின் மீதான உரிமை இவ்விரு வினாக்களையும் இணைக்கும் கண்ணி என்பது இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: அடிமை முறை, பண்ணையாள், மிராசு, சேரி நத்தம், நந்தனார் சரித்திரம், துண்டு முறை, கொத்தடிமை ஒழிப்பு.

1. வினா

தனிமனித விடுதலை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு எல்லைகளுள் ஒன்றைச் சென்றடைகின்றன. பிறரைச் சாராமல் எவரும் வாழ இயலாது, ஆகவே முழு விடுதலை என்பது வெறும் சொல் என்பது ஒன்று. புறவுலகு எவ்வாறிருப்பினும் உள்ளத்தளவில் ஒருவர் விடுதலை பெற்றுவிடலாம் என்பது மற்றொன்று. தத்துவ நூல்களில் இவை எதிரெதிர் நிலைப்பாடுகளாகத் தோன்றும். பண்ணையாளின் இடத்திலிருந்து நோக்கினால் இரண்டுமே உடையவருக்கு வசதியானவை. முதலாவது, எல்லோரும் யாரையேனும் சார்ந்தே இருக்கின்றனர் என்ற பொதுமையில் அவருடைய தனித்த துயரைக் கரைத்துவிடுகிறது. இரண்டாவது, அவரைக் கட்டிய கயிற்றைத் தொடாமலேயே அது அவிழ்ந்துவிட்டதாகக் கூறுகிறது.

ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் விடுதலையைப் பிறர் தலையீடின்மை எனவும் தன்னைத் தானே ஆளுதல் எனவும் இருவகைப்படுத்தினார். பிலிப் பெட்டிட் 1997இல் வெளியிட்ட நூலில், இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பொருள் ஒன்றை மீட்டெடுத்தார். உடையவர் கனிவானவராக இருந்து, அடிமையின் எந்தச் செயலிலும் தலையிடாதிருக்கலாம். அப்போதும் அடிமை அடிமையே. ஏனெனில் தலையிடும் ஆற்றல் உடையவரின் கையில் இருக்கிறது, அது எப்போது வெளிப்படும் என்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. ஆதிக்கத்திற்கு உட்படாதிருத்தல் என்னும் இப்பொருளே இக்கட்டுரையில் விடுதலை என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. ஐரோப்பியக் கருத்தாக்கம் ஒன்றைத் தமிழக வரலாற்றின் மேல் சுமத்துவதாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. தமிழில் ‘ஆள்’ என்னும் சொல் பெயராக நின்று மனிதரையும் பணியாளையும் குறிக்கிறது. வினையாக நின்று ஆட்சி செய்தலைக் குறிக்கிறது. ‘அவன் யாருடைய ஆள்?’ என்று கேட்கும் வழக்கு இன்றும் உள்ள மொழியில், ஆதிக்கம் என்பது என்னவென்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2. ஓலை

அடிமைத்தனம் ஆவணத்தால் நிலைபெறும் ஓர் உறவு என்பதற்குத் தமிழிலக்கியத்தின் புகழ்பெற்ற சான்று பெரியபுராணத்தில் உள்ளது. திருமணப் பந்தலில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை என்று கூறி முதியவர் ஒருவர் வழக்கிடுகிறார். அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்பது நம்பியின் எதிர்ப்பு. காட்டிய ஓலையை நம்பி பிடுங்கிக் கிழிக்கிறார், வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது, அங்கே மூல ஓலை வெளிவருகிறது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது, நம்பி தோற்கிறார். முதியவர் இறைவன் என்பதனால் இக்கதை பக்தியின் வெற்றியாக நிறைவுறுகிறது. அதன் நடைமுறை விவரங்களோ அக்காலச் சமூகம் நன்கறிந்திருந்தவை. பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனைக் கட்டுப்படுத்தும். அவை ஒன்று அதனை உறுதிசெய்ய வேண்டும். படி கிழிந்தாலும் மூலம் வலிமை இழக்காது. ஆட்கள் தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயில்களுக்கு விற்றுக்கொண்ட செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிவுசெய்துள்ளமையும் இங்கு நினைக்கத்தக்கது.

ஓலை தானாக எவரையும் கட்டாது. அதனை ஏற்றுத் தீர்ப்பளிக்கும் அவையே கட்டுகிறது. 1843ஆம் ஆண்டின் சட்டம் கைவைத்தது இந்த இடத்தில்தான்.

3. சட்டம் செய்ததும் செய்யாததும்

பிரித்தானிய நாடாளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் மேற்கிந்தியத் தீவுகள், மொரீசியஸ், நன்னம்பிக்கை முனை முதலிய குடியேற்றங்களைத் தழுவியது. கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அதிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டின் கம்பெனிப் பட்டயச் சட்டத்தில் இந்திய அடிமை முறைக்கு முடிவு காண 1837ஐக் கால எல்லையாக வைக்கும் முயற்சி நடந்தது. மேலவையின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டு, அடிமைகளின் நிலையைத் தணிக்கவும் பொருத்தமான காலத்தில் முறையை ஒழிக்கவும் தலைமை ஆளுநர் ஆவன செய்யவேண்டும் என்ற தளர்வான கட்டளையாகச் சுருங்கியது. மேற்கிந்தியத் தீவு முதலிய குடியேற்றங்களின் அடிமை உரிமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் எவருக்கும் இழப்பீடு வழங்கப்படவில்லை. எதுவும் பறிக்கப்பட்டதாக அரசு கருதவில்லை என்பதே அதன் பொருள்.

சென்னை மாகாணத்தில் இச்சிக்கல் அதற்கு முன்பே எழுந்திருந்தது. வருவாய் வாரியம் 1819இல் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைகளின் நிலை குறித்து அறிக்கை கேட்டது. மலபாரில் வரிப்பாக்கிக்காக அடிமைகளை விற்கும் வழக்கம் அவ்வாண்டில் நிறுத்தப்பட்டது. அரசே அதுவரை அடிமை வணிகத்தில் ஒரு தரப்பாக இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, செங்கல்பட்டு முதலிய பகுதிகளில் பள்ளர், பறையர் ஆகிய சாதியினர் நிலத்தோடும் நிலமின்றியும் கைமாற்றப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் அக்கால ஆவணங்களில் காணப்படுகின்றன. சட்ட ஆணையத்தின் அறிக்கை 1841இல் வந்தது. எல்லன்பரோ தலைமை ஆளுநராக இருந்தபோது, 1843 ஏப்ரல் 7 அன்று ஐந்தாம் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிப்பாக்கியை ஈடுகட்டவோ எந்த அலுவலரும் ஒருவரை அடிமை என்று கூறி விற்கலாகாது. ஒருவரின் உடல்மீதும் உழைப்பின்மீதும் உடைமை உரிமை கோரும் எவ்வழக்கினையும் எந்த நீதிமன்றமும் செயல்படுத்தலாகாது. ஒருவர் தம் முயற்சியாலோ கொடையாலோ மரபுவழியோ பெற்ற பொருளை, அவர் அடிமை என்ற காரணத்தால் பறிக்கலாகாது. சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாகும் எதுவும், அடிமை எனப்படுபவருக்கு இழைத்தாலும் குற்றமே.

இந்நான்கில் எதுவும் எவரையும் விடுதலை செய்வதாகச் சொல்லவில்லை. அடிமை முறை ஒழிக்கப்பட்டது என்ற தொடரும் அதில் இல்லை. நீதிமன்றம் தன் கையை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவினால்தான். வட இலங்கைத் தமிழரின் தேசவழமை 1707இல் டச்சு ஆட்சியின்கீழ்த் தொகுக்கப்பட்டபோது அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றிருந்தன. அங்கே 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அடிமை முறையை நேரடியாகவே ஒழித்தது. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு செயல்களின் மொழி வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.

ஐந்தாம் சட்டத்தை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவது முழு உண்மையாகாது என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்து. ஓடிப்போன அடிமையை அரசின் துணையோடு மீட்டுவரும் உரிமையை உடையவர் அன்றோடு இழந்தார். திருவெண்ணெய்நல்லூரில் நம்பிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது போன்ற ஓர் அவை இனி சட்டத்தின் பார்வையில் இல்லை. ஓலை எஞ்சியது, அதனை வாசிக்கும் அவை எஞ்சவில்லை. ஆயினும் பண்ணையாட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறவில்லை. இதனைக் கண்ட அலுவலர் பலர், அடிமைகளே விடுதலையை விரும்பவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். ஆய்வுலகிலும் அம்முடிவின் சாயல் சில இடங்களில் இன்னும் தென்படுகிறது. வெளியேறுபவர் எங்கே போய் நிற்பார் என்ற எளிய கேள்வி அப்போது கேட்கப்படவில்லை.

4. மனை

காவிரிப் படுகையிலும் செங்கல்பட்டின் ஏரிப் பாசனப் பகுதிகளிலும் ஊர் வேறு, சேரி வேறு. சேரியின் குடிசைகள் நின்ற மண் பெரும்பாலும் மிராசுதாரரின் உரிமைக்குள் அடங்கியிருந்தது. அவ்வாறு அடங்காத இடத்திலும் அவர் தமதென்றே உரிமை கொண்டாடினார். குடிசையைக் கட்டியது பண்ணையாள், மூங்கிலும் கீற்றும் மிராசுதாரர் கொடுத்தவை, மண் அவருடையது. ஆகவே வேலையை விட்டு நீங்குதல் என்பது வீட்டையும் அண்டை அயலையும் இழப்பதாயிற்று. அடுத்த ஊருக்குச் சென்றால் அங்கும் இதே முறை. அந்த ஊர் மிராசுதாரர் இந்த ஊர் மிராசுதாரரை அறிந்தவர். ஓடிவந்த ஆளுக்கு மனை கொடுத்து அண்டையாரின் பகையைத் தேடிக்கொள்ள அவர் விரும்பமாட்டார்.

இதனோடு கடனும் சேர்ந்தது. திருமணத்திற்கோ சாவுக்கோ வாங்கிய சிறு தொகை, படியளக்கும் கூலியிலிருந்து ஒருபோதும் தீராதவாறு கணக்கில் நின்றது. தந்தையின் கடன் மகனின் தலையில் ஏறியது. அடிமை ஓலையை ஏற்க மறுத்த நீதிமன்றம் கடன் பத்திரத்தை மறுக்கவில்லை. அதற்கு மேலும் ஒரு படி சென்று, 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் முன்பணம் பெற்றுக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளரை வேலை செய்யுமாறோ பணத்தைத் திருப்பித் தருமாறோ கட்டளையிடவும், மீறினால் சிறையிலிடவும் நடுவருக்கு அதிகாரம் அளித்தது. 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டம் வரும்வரை அது உயிருடன் இருந்தது. 1843இல் வெளியேறிய அவை பதினாறு ஆண்டுகளில் வேறொரு வாசல் வழியாகத் திரும்பிவந்தது எனலாம்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்கீர் 1891இல் அரசுக்கு அளித்த குறிப்பு இவ்வமைப்பை வெளிப்படையாகப் பேசியது. உழைப்பைக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் நீடிப்பதையும், சேரி மனை மிராசுதாரரின் பிடியில் இருப்பதையும், தரிசு நிலத்திற்கு விண்ணப்பிக்கும் தர்க்காஸ்து முறையில் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருப்பதால் பறையர் நிலம் பெற இயலாமையையும் அது எடுத்துக்காட்டியது. மனை, நிலம், கல்வி ஆகிய மூன்றையும் அவர் தீர்வாகப் பரிந்துரைத்தார். 1892இல் அரசு பிறப்பித்த ஆணை அப்பரிந்துரைகளுள் பலவற்றின் கூர்மையை மழுங்கச் செய்தது. ரூபா விஸ்வநாத் தம் ‘பறையர் சிக்கல்’ பற்றிய நூலில் (2014) காட்டுவதுபோல், அரசும் மிராசுதாரரும் ஒரு பொதுக் கருத்தில் ஒன்றுபட்டனர்: தென்னிந்தியாவில் இருந்தது மென்மையான அடிமைத்தனம், அதுவும் இப்போது இல்லை, எஞ்சியிருப்பது சமூக வழக்கம், அதில் அரசு தலையிடலாகாது. கிறித்தவ மறைப்பணியாளர்கள் சேரி மக்களுக்கென மனை வாங்க முயன்ற இடங்களில் எழுந்த எதிர்ப்பையும் அந்நூல் விரிவாக ஆராய்கிறது. ஒரு துண்டு மனைக்காக மிராசுதாரர் காட்டிய மூர்க்கம், அம்மனையின் சந்தை விலையோடு ஒப்பிட்டால் பொருந்தாதது. அவர்கள் எதை இழக்க அஞ்சினார்கள் என்பதை அவர்களே மிகத் தெளிவாக அறிந்திருந்தனர். அரசு ஆவணங்களை எழுதியவர்களைவிடத் தெளிவாக.

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இல்லத்தையும் பிறவியினின்று பெறும் விடுதலையையும் குறிப்பது. இரண்டும் ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை என்பர். சொல் ஒப்புமையிலிருந்து வரலாற்று முடிவுகளைப் பெறுதல் முறையன்று. ஆயினும் செங்கல்பட்டு ஆவணங்களை வாசிப்போர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவில் எழுவதைத் தவிர்க்க இயலாது.

1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்னும் பொறுப்பு சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மனை பெற்றுத் தருவது அவருடைய பணிகளுள் ஒன்றாயிற்று. நிலவுடைமையாளர் விற்க மறுத்த இடங்களில் நில எடுப்புச் சட்டத்தையும் பயன்படுத்த நேர்ந்தது. அவ்வாறு பெற்ற மனைகளுக்கு மக்கள் தவணை முறையில் பணம் செலுத்தினர். விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது இங்கே உருவகம் ஆகாது. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தும் உரிமையைக் கேட்டது. நிற்க மனை வேண்டும், நடக்கத் தெரு வேண்டும் என்பதே அடிமை ஒழிப்பின் எண்பதாவது ஆண்டிலும் கோரிக்கையாக இருந்தது.

5. நாளைப் போதல்

ஐந்தாம் சட்டம் வந்து இருபதாண்டு நிறையும் முன்பு, 1860களின் தொடக்கத்தில், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. பெரியபுராணத்தின் திருநாளைப்போவாருக்கும் பாரதியாரின் நந்தனுக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு நன்கறியப்பட்டது. சேக்கிழாரின் நந்தனார் நாளை நாளை என்று காலந்தாழ்த்துவது தம் பிறப்பை நினைத்து. அவரைத் தடுக்கும் உடையவர் எவரும் அங்கில்லை. பாரதியாரின் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக அவனுக்கு அனுமதி வேண்டும். நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்தால் போகலாம் என்று வேதியர் இயலாத நிபந்தனை விதிக்கிறார். இறையருளால் ஓரிரவில் அது நிறைவேறுகிறது.

வேதியர் என்னும் இப்பாத்திரத்தைப் பாரதியார் ஏன் படைத்தார் என்பதற்குப் பலவாறு விடை கூறப்பட்டுள்ளது. மாயூரம் வட்டாரத்தில் வாழ்ந்த ஒருவர் தம்மைச் சுற்றிலும் கண்டதை எழுதினார் என்பதே இயல்பான விடையாகத் தோன்றுகிறது. நம் வினாவுக்கு இதில் முக்கியமானது வேறொன்று. கீர்த்தனையின் நந்தன் கூலி உயர்வு கேட்கவில்லை. வேதியர் தன்னை அடிப்பதாகவும் முறையிடவில்லை. அவன் கேட்பது போவதற்கான விடை. அந்த விடையை மறுக்கும் அதிகாரம் வேதியரிடம் இருப்பதே முழு நாடகத்தையும் நகர்த்துகிறது. பெட்டிட் கூறும் ஆதிக்கத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டுதல் அரிது. சட்டப்படி பார்த்தால் அந்நூல் அச்சேறிய நாளில் நந்தனைத் தடுத்துவைக்கும் உரிமை எந்த வேதியருக்கும் இல்லை. கேட்டவர்களுக்கோ அக்காட்சி பழங்கதையாகத் தோன்றவில்லை.

உள்ளத்தளவிலான விடுதலை போதும் என்னும் வாதத்திற்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. அடியார் என்னும் நிலையைப் பெருமையாகக் கொண்ட சமய மரபில் நந்தன் முழுமையாக நிற்கிறான். அம்மரபின் அளவுகோல்படி அவன் உள்ளத்தில் கட்டற்றவன். எனினும் அவனுக்கு அது போதவில்லை; சிதம்பரத்தைத் தன் கண்ணால் காண வேண்டும் என்கிறான். அகவிடுதலை புறவிடுதலைக்கு மாற்றாக இருந்திருந்தால் இக்கதைக்கே இடமில்லை.

6. கடல்

நந்தனுக்கு வாய்த்த அற்புதம் பிறருக்கு வாய்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த வெளியேறும் வழி கடல். மொரீசியசுக்கு 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். இடையில் தடைப்பட்ட அப்போக்கு 1842இல் மீண்டும் திறந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவுக்கும், பர்மாவுக்கும் சென்றோரின் தொகை இவற்றினும் பன்மடங்கு. சென்றவர்களுள் பலசாதியினரும் இருந்தனர். பறையரும் பள்ளரும் கணிசமானோர்.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது என்ன என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் கங்காணியின் முன்பணக் கடன் கப்பலேறும் முன்பே தொடங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல விரும்பியவருக்குத் துண்டு வேண்டும். கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தும். தொழிலாளரின் கணக்கில் அது ஏறிக்கொள்ளும். 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, ஆளோலையின் தொலைதூர வாரிசாகவே துண்டு விளங்கியது. இயூ டிங்கர் 1974இல் எழுதிய நூலுக்குப் புதியதொரு அடிமை முறை என்ற பொருளில் தலைப்பிட்டதற்குப் போதிய காரணம் இருந்தது.

டிங்கரின் தலைப்பு நிகழ்ந்ததில் பாதியைத்தான் சொல்கிறது. சென்ற இடத்தின் கொடுமையை அளப்பதற்கு அது பயன்படும். புறப்பட்ட இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அதனால் அளக்க இயலாது. தஞ்சை மிராசுதாரர்கள் ஆட்கள் கடல் கடப்பதைக் குறித்து முறையிட்டனர். ஆள் கிடைப்பது அரிதாயிற்று என்றனர். பண்ணையாளின் மகன் ஒருவன் ஊரைவிட்டுப் போய்விடக்கூடும் என்ற சாத்தியமே உடையவரின் பேச்சை ஓரளவு மாற்றியது. வெளியேறியவர்கள் ஏமாற்றப்பட்டுச் சென்றவர்கள் மட்டுமே எனக் கூறுவது, முதல் தலைமுறைக்குப் பொருந்தலாம். திரும்பிவந்தவர்களின் அனுபவத்தைக் கேட்டறிந்த பின்னரும் அவர்களின் தம்பிமாரும் மக்களும் மீண்டும் சென்றனர். தெரிந்தே ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு மாறினார்கள் எனில், அவ்விரண்டிற்கும் இடையே அவர்கள் ஏதோ ஒரு வேறுபாட்டைக் கண்டிருக்க வேண்டும். ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு. பண்ணைக்கு அது இல்லை.

7. விலை

விடுதலை நாடத்தக்கதா என்னும் வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டின் அலுவலர்கள் அளித்த விடை பெரும்பாலும் ஒன்றே. அடிமைக்குச் சோறு உறுதி, சுதந்திரக் கூலிக்குப் பசி உறுதி. இதனை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட இயலாது. களத்தில் அளக்கும் நெல், தீபாவளித் துணி, நோயுற்றால் சிறு கடன் ஆகியவை உண்மையானவை. ஆயினும் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணம் இலட்சக்கணக்கானோரை இழந்தபோது, மாண்டோரில் நிலமற்ற கூலிகளே மிகுதி. பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்ட பொழுதில் பாதுகாப்பின் வாக்குறுதி நிறைவேறவில்லை.

இவ்வினா மிகக் கடினமாக எழுவது பஞ்சத்தின்போது அன்று, சட்டம் வென்றபோதுதான். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கீழைத் தஞ்சையில் கட்டிய விவசாயச் சங்கம் தொடக்கத்தில் எழுப்பிய கோரிக்கைகளுள் சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும் நிறுத்துதல் முன்னிடம் பெற்றது. கூலிப் போராட்டமும் உடன் நடந்தது. உடலின்மீது இன்னொருவர் கை வைக்கலாகாது என்பது வயிற்றுக்கு முந்திய கோரிக்கையாகவோ, குறைந்தது அதற்கு இணையான கோரிக்கையாகவோ இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போராட்டங்களின் விளைவாக 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குவதை அது தடுத்தது, கூலியை வரையறுத்தது. ஒரே ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் உடையவர்களையே அது கட்டுப்படுத்தியது. மிராசுதாரர் பலர் இதற்குக் கண்ட வழி, பண்ணையாள் என்ற உறவையே கலைத்து ஆட்களை அன்றாடக் கூலிகளாக்குவது. உறுதியான வேலை போயிற்று. வேலையற்ற மாதங்கள் கூடின. பண்ணையாளைப் பாதுகாக்க வந்த சட்டம் பண்ணையாள் என்ற நிலையைத் தேய்த்தது.

இது தோல்வியா? பொருளியல் கணக்கில் சில ஆண்டுகளுக்கு இழப்பே. அன்றாடக் கூலியானவர்கள் இன்ன மிராசுதாரரின் ஆள் என்ற நிலைக்குத் தம்மைத் திருப்பி அனுப்புமாறு கேட்டதாக அம்மக்களின் இயக்க வரலாற்றில் நாம் காண்பதில்லை. அவர்கள் கேட்டது கூடுதல் கூலி, தம் விருப்பப்படி சங்கம் சேரும் உரிமை, மனைக்குப் பட்டா. அந்த இரண்டாவது உரிமைக்குக் கேட்கப்பட்ட விலை எத்தகையது என்பது 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தெரிந்தது. கூலிப் பூசலும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தமையும் பின்னணியாக, குடிசை ஒன்றினுள் தஞ்சம் புகுந்திருந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விடுதலை நாடத்தக்கதுதானா என்று எழுதும் எவரும் இந்த எண்ணைக் கடந்துசெல்ல இயலாது. இத்தகைய விலையைக் கேட்டவர்கள் யார் என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்தே கேட்க வேண்டும். விடுதலையின் விலை இயற்கை விதித்ததன்று. அதனை மறுத்தவர்கள் விதித்தது.

1971இல் தமிழ்நாட்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்க்கும் கைவினைஞர்க்கும் அம்மனையை உரிமையாக்கியது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கட்டுழைப்புக்கு ஈடான கடன்களை அழித்தது. அதன் எட்டாம் பிரிவு, விடுவிக்கப்பட்டவரை அவர் உழைப்புக்கு ஈடாகக் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. ஐந்தாம் சட்டம் பேசாது விட்ட ஒன்றை 133 ஆண்டுகள் கழித்து அடிமை ஒழிப்புச் சட்டம் ஒன்று முதன்முறையாகத் தன் வாசகத்திற்குள் எழுதிக்கொண்டது.

இன்று வடதமிழக மாவட்டங்களின் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் மீட்கப்படுவோருள் இருளர் மிகுதி. அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் கட்டுண்ட பண்ணையாட்கள் அல்லர், மனையே இல்லாதவர்கள், முன்பணம் தருபவரின் சூளையருகே குடிசை போட்டுக்கொள்பவர்கள். கோட்டாட்சியர் கையொப்பமிட்ட விடுதலைச் சான்றிதழ் அவர்களுக்கு வழங்கப்படுகிறது. அச்சான்றிதழைப் பெற்ற குடும்பம் அன்றிரவு தங்கும் இடம் எது, அவ்விடத்திற்குப் பட்டா யார் பெயரில் உள்ளது, மனைப்பட்டா வருவதற்கும் அடுத்த முன்பணம் வருவதற்கும் இடையே எத்தனை நாட்கள் கழிகின்றன என்பவற்றை வட்டாட்சியர் அலுவலகப் பதிவேடுகளிலிருந்து மாவட்டவாரியாகத் தொகுக்கும் பணி ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது.